பரணெல்லாம் பூண்டு

பூம்பாறையில் எங்கள் வீட்டுப் பரண் முழுக்கப் பூண்டு.
அதன் கீழே படுத்துத்தான் படிக்கிறேன்
ஐந்து ரத்தக்காட்டேரிகள்
பிரபுவின் நிலவறையை உடைப்பதை.

எல்லோருக்கும் என் வயசு.
ஒருத்திக்கு மட்டும்
முந்நூறு வருஷமாக என் வயசு.

மூன்றாவது பூட்டில் அவள் காதை வைத்த நேரம்
அப்பா கூப்பிட்டார்:
லாரி வந்தாச்சு, வேல்விழி.

பதினாறு மூட்டை ஏற்றிவிட்டுச்
சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.
முகர்ந்து பார்த்தேன். மறுபடி கழுவினேன்.
இந்தக் கையோடு பக்கம் புரட்டினால்
அவர்களுக்கு ஆகாது.

அதற்குள் மஞ்சு விலகி
ஜன்னல் வெயில்
திறந்து கிடந்த அத்தியாயத்தின்மேல்
வரி வரியாக ஏறிக்கொண்டிருந்தது.

பாய்ந்துபோய்க் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டேன்
புத்தகத்தை, டார்ச்சை, என் தலையை.

உள்ளே நல்ல இருட்டு.
பயப்படாமல் வாங்க,
இன்னும் ஒரு பூட்டுதான்.