நான்காம் நிலையம்

இரவு எட்டு மணிக்கு
எரிமலையைச் சுற்றி இருக்கும் ஒன்பது பேரும்
ரேடியோவில் வரிசையாக வருவார்கள்.
"ஒன்றாம் நிலையம். மேகம். ஒன்றும் தெரியவில்லை."
"இரண்டாம் நிலையம். கந்தக வாடை, லேசாக."
மூன்றில் இருக்கும் பாதிரியார்
வானிலையோடு பல்வலியையும் சொல்வார்.
குறித்துக்கொள்வேன், பல்வலி நீங்கலாக.

கித்தோவில், மாடியறையில்,
பன்னிரண்டு திரைகளுக்கு முன் என் இருக்கை.
திரைக்கு ஒரு கோடு.
மலை மூச்சுவிட்டால் நடுங்கும்.
லாரி போனாலும் நடுங்கும்.
கால்பந்தில் நாங்கள் கோல் போட்ட இரவு
பன்னிரண்டும் ஒன்றாய்த் துள்ளின.

மார்ச்சில் ஒருநாள் நான்காம் நிலையத்தில்
அரை மணி நேரம் விடாமல் நடுக்கம்.
அதுவரை பார்க்காத வடிவம்.
இயக்குநரை எழுப்புமுன்
எலியோடோரோ குவாமானை அழைத்தேன்.
ரேடியோவை அணைக்காமலே வெளியே போய்ப் பார்த்து வந்து
"பசு," என்றார்.
"உங்கள் கம்பத்தில் முதுகு சொறிகிறது."

பதிவேட்டில் பசுவுக்குக் கட்டம் கிடையாது.
'பிற' என்பதில் எழுதினேன்.

ஜூலையில் வந்தது பசு இல்லை.
கோடு தடித்துத் திரையையே கறுப்பாக்கியது.
வடக்குச் சரிவு ஒரு விரற்கடை உப்பியிருந்தது.
நான்தான் கையெழுத்திட்டேன்,
விடிவதற்குள் வெளியேறச் சொல்லி.

மூன்று பகல், மூன்று இரவு.
மலை
ஏப்பம்கூட விடவில்லை.

திரும்பிப் போனவர்கள் கண்டது:
பூட்டுடைந்த வீடுகள்,
யாரோ அள்ளிப்போன உருளைக்கிழங்கு,
தீனியின்றிச் செத்த கினிப்பன்றிகள்.
நாற்பத்திரண்டு என்று எண்ணி
நார்சிசா என்றொருத்தி கடிதம் போட்டாள்.
வசை இல்லை அதில்.
எண்ணிக்கை மட்டும்.

உள்ளே அது அசைவது எங்களுக்குக் கேட்கும்.
எழுமா, புரண்டு படுக்குமா,
கோடு சொல்லாது.
இதை ஸ்பானிஷில் சொன்னாலும் கிச்வாவில் சொன்னாலும்
சாக்குப்போலவே ஒலிக்கிறது.

அதன்பின் எட்டு மணிக்கு
மூன்றை அடுத்து ஐந்து வந்தது.
நடுவில் இரைச்சல்.
நான்கு நொடி காத்திருந்து
"பதில் இல்லை" என்று எழுதுவேன்.
பதினெட்டு இரவுகள் எழுதினேன்.
பாதிரியார் பல்வலியைச் சொல்வதையும் நிறுத்தியிருந்தார்.

பத்தொன்பதாம் இரவு
ஐந்தாம் நிலையக்காரி வாயெடுக்குமுன்
ஒரு தொண்டைக் கனைப்பு.
"நான்காம் நிலையம்.
வானம் தெளிவு. உச்சியில் வெண்புகை, மெலிதாக.
பசுவைப் பற்றிக் கேட்க வேண்டாம்.
அதற்கு வேறு கம்பம் நட்டுவிட்டேன்."

குறித்துக்கொண்டேன்.
திரையில் நான்காம் கோடு
நேராகப் போய்க்கொண்டிருந்தது,
நம்பும்படியாக இல்லை.
நாற்காலியை இன்னும் கொஞ்சம்
முன்னால் இழுத்தேன்.