சிங்கத்தின் நாக்கு

எட்டு இரவு, மூன்று தலைநகரம்.
பிராகும் வியன்னாவும் முடித்து
புடாபெஸ்டில் என் கைக்கு வந்து சேரும்போது
அவர்களுக்குப் பாதம் வீங்கியிருக்கும்,
தேவாலயங்கள் ஒன்றோடொன்று குழம்பியிருக்கும்.
"இது எந்த ஊர்?" என்றாள் ஒருத்தி
காலை உணவில், வேடிக்கையாகத்தான்.
பரிமாறுகிற பையன் வேலைக்குப் புதிது.
நின்று, முழு முகவரியும் சொன்னான்.

ஹோட்டல் ஒரு காலத்தில் காப்பீட்டுக் கம்பெனி.
தீக்கும் சாவுக்கும் காசு எண்ணிய கூடத்தில்
இப்போது வெள்ளரித் துண்டு மிதக்கும் தண்ணீர்.
தலையணைமேல் இரவுதோறும் செர்ரி சாக்லேட்.
குளியலறைத் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது,
வெறுங்கால் சிலிர்க்கக் கூடாதாம்.
கேள்விப்பட்டதுதான்.
எனக்கு அனுமதி வரவேற்பறை வரை.

இருபத்திரண்டு பேருக்கும் காதுக்கருவி மாட்டிவிட்டேன்.
ஒலிவாங்கி என் காலரில்.
அறுபது மீட்டர் தள்ளிப் போனாலும்
அவர்கள் காதுக்குள்தான் இருப்பேன்.

பாலத்தில் வழக்கமான கதை:
கல் சிங்கங்களுக்கு நாக்கு வைக்க மறந்தானாம் சிற்பி.
திறப்பு விழாவில் ஒரு பொடியன் அதைக் கத்திச் சொல்ல
அவமானத்தில் ஆற்றில் குதித்தானாம்.
இந்த இடத்தில் மூன்று நொடி விடுவேன்.
பதினோரு வருடமாக
அதே மூன்று நொடி.

கோட்டைக் குன்றில்
புகைப்படத்துக்குப் பதினைந்து நிமிடம்.
காந்த பொம்மை விற்கும் கடைக்குப் பின்னால் போய்
தங்கையைக் கூப்பிட்டேன்.

"காலி பண்ணச் சொல்றான் பொக்லார்கா.
மாசக் கடைசிக்குள்ள.
வெள்ளையடிச்சு, கதவுக்கு நம்பர் பூட்டு வெச்சு
நாள் வாடகைக்கு விடப் போறானாம் அந்த வதாஸ்.
நான் ஒரு மாசத்துக்குக் குடுக்கிறத
டூரிஸ்ட் நாலு நாள்ல குடுத்துடுவான்.
லிஃப்ட் இல்ல, சுவர் பூரா ஈரம்,
ஆனா ஜன்னல்ல மஞ்ச டிராம் தெரியுதே,
அதத்தான் படம் புடிச்சிட்டுப் போனான்.
பதினாலு வருஷம்டி.
எங்க போவேன்? உன் சோபாலயா?
இல்ல, அழல. இங்க காத்து."

திரும்பி வந்தால்
ஒருவரும் கலைந்து போயிருக்கவில்லை.
கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக,
ஆற்றைப் பார்த்தபடி,
சிலர் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டு.
குனிந்து பார்த்தேன்.
காலரில் பச்சை விளக்கு.

நார்வேக்காரர் ஹாரல்ட்சன் நெருங்கி வந்தார்.
"முற்றுகையை உங்கள் மொழியிலேயே சொன்னது நல்லது.
இந்தப் பயணத்தில் இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.
கடைசியில் தோற்றது யார் என்பது மட்டும்
பிடிபடவில்லை."

இருபத்திரண்டு முகம்.

"ஊர்க்காரர்கள்" என்றேன்.
ஆண்டு கேட்டார். சொன்னேன்.
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பேருந்து பாலத்தில் திரும்பும்போது
ஏனோ வாய் தானாகத் திறந்தது:
காலையில் சொன்னது கதை.
சிற்பி குதிக்கவில்லை.
சிங்கங்களுக்கு நாக்கு உண்டு.
கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியாது,
அவ்வளவுதான்.
யாரும் சிரிக்கவில்லை.
பாதிப் பேர் தூக்கம்.

இரவு வரவேற்பறையில் கருவிகளை எண்ணி வாங்கினேன்.
இருபத்தொன்று.
கடைசியாக வந்தவள் போர்ச்சுக்கல்காரி,
நான்கு நாளில் ஒரு கேள்வி கேட்டதில்லை.
கருவியோடு சேர்த்து
கைக்குட்டைத் தாளில் சுற்றிய எதையோ
என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு
லிஃப்டுக்குள் போய்விட்டாள்.

செர்ரி சாக்லேட்.
உள்ளே கொஞ்சம் மது இருந்தது, லேசாகச் சுட்டது.
டிராமில் நின்றபடியே தின்றேன்.
எங்கள் நிறுத்தத்துக்கு முன் வளைவில்
என் ஜன்னல் தெரிந்தது,
விளக்கை அணைக்காமல் வந்திருக்கிறேன்.
"சனியனே" என்றேன்.
சொன்ன கையோடு
விரல் காலருக்குப் போனது,
அங்கே இல்லாத விசையைத் தேடி.