குருசடி வளைவில் நிறுத்தம் இல்லை

மார்த்தாண்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே
நாளுக்கு எட்டு நடை.
கருங்கல் தாண்டி, ரப்பர்த் தோட்டம் முடிகிற
குருசடி வளைவில் பஸ் கொஞ்சம் தயங்கும்.
பதினொரு விநாடி.
என் வீட்டை நான் கட்டியது
அந்த எட்டுப் பதினொன்றுகளில்தான்.

கட்டியது என்று சொல்வதும் தப்பு.
கட்டியவள் ரோஸ்லெட்.
மூன்று சக்கர ஸ்கூட்டரைப் பலாமரத்தடியில் நிறுத்திவிட்டு
ஊன்றுகோலாலேயே அளந்து காட்டுவாள்:
"ரெண்டு கோல் போக வழி வேணும்,
நாற்காலி திரும்ப இடம் வேணும்,
மத்தபடி உங்க இஷ்டம், மேஸ்திரி."
மத்தபடி என்று மிச்சம் எதுவும் இருக்காது.

ஆவணியில் வானம் தோண்டினார்கள்.
முதல் நடையில் குச்சியும் கயிறும்,
நாலாம் நடையில் இடுப்பளவு ஆட்கள்,
எட்டாம் நடையில் இருட்டு.
மறுநாள் பெய்த மழையில்
மேலிருக்கிற வானம் அப்படியே அதற்குள் கிடந்தது.
"தவளை ஒண்ணு குடிவந்தாச்சு,
பால்காய்ப்புக்கு முந்தியே" என்றாள் ராத்திரி.

பிறகு கூட்டுறவு வங்கிக்காரர்கள் தவணையை நிறுத்த
இருபத்தாறு நாள்
ஒரே உயரத்தில் நின்றன சுவர்கள்.
அந்த நாட்களில் வளைவு வந்தால்
நான் இந்தப் பக்கம் திரும்பி
சில்லறை எண்ணினேன்.

அயனி மரத்தில் நிலை, அகலம் மூன்றரை அடி.
"கீழ்ப்படி இல்லாத நிலை நான் வச்சதே இல்ல, பிள்ளே,"
தாசையன் மேஸ்திரி உளியைக் கீழே வைத்துவிட்டார்.
இரண்டு நாள் பேச்சுவார்த்தை.
கடைசியில் படியைத் தரைக்குள் புதைத்து
மேலே சமமாகப் பூசினார்.
இருக்கிறது, ஆனால் தடுக்காது.
இருவருக்கும் தாங்கள் ஜெயித்ததாக நினைப்பு.

வார்ப்பு அன்றைக்கும் லீவு கிடைக்கவில்லை.
சட்டி கைமாறுவதைப் பார்த்தேன், மிக்ஸர் சத்தம் கேட்டேன்,
ஐந்தாம் நடையில்
மரச்சீனியும் மீன்கறியும் விளம்புகிறார்கள்.
டிரைவர் கிளாரன்ஸ் ஒன்றும் சொல்லாமல்
கியரைக் குறைத்தார்.
பதினெட்டு விநாடி.
யாரும் கவனிக்கவில்லை, ஒருவர் கடிகாரம் பார்த்ததைத் தவிர.

மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியிருக்கிறார்களா என்று
ரோட்டிலிருந்து தெரியாது.
ஒரு கொக்கு நின்றது. தெரிந்துகொண்டேன்.

அடுக்களை ரோட்டைப் பார்த்தது. தாழ்ந்த ஜன்னல்.
மீன் வட்டியோடு ஏறிய பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்:
"யாருக்க வீடு இது?
சமையல்மேடைய முட்டளவுக்குக் கெட்டி வச்சிருக்கு,
கொச்சுப் பிள்ளைய சோறு பொங்கவா?"
"வாசல்ல ஒரு படி உண்டா பாரு, ஒரே சரிவு.
காரு நேரே கட்டிலுக்குப் போவுமாயிருக்கும்!"
பஸ்ஸே சிரித்தது.
கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தபடி
நானும் சிரித்தேன்.

அதே பெண்கள் சாயங்காலம்
பலாமரத்தடியில் அவளுக்குச் சாளை விற்றிருக்கிறார்கள்.
எல்லாவற்றையும் சொல்லி,
கண்டக்டரும் சிரித்தார் என்பதையும்.

ரோஸ்லெட் சண்டை போடவில்லை.
சோற்றைப் பரிமாறிவிட்டுச் சொன்னாள்:
"மேடை இருபத்தாறு அங்குலம்.
இனி பாத்திரம் கழுவ
நீங்கதான் குனியணும்."

பால்காய்ப்பு முடிந்த ராத்திரி
கடைசிச் சொந்தமும் போனபிறகு
குனிந்து நின்று கழுவுகிறேன்.
தாழ்ந்த ஜன்னலுக்கு வெளியே
கடைசி நடை வருகிறது.
மஞ்சள் வெளிச்சத்தில் ஏழெட்டுத் தலைகள்,
எனக்குப் பதிலாக வந்த பையன் பையை மூடுகிறான்.
ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.
பின்னால் வலது விளக்கு எரியவில்லை,
காலையில் டிப்போவில் எழுதி வைக்கணும்.

நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்து
அவள் கேட்டாள்: "எத்தனை?"

"பத்து."

"புது டிரைவர்," என்றாள்,
"வேகமாப் போறான்."
ஈரத்தட்டை வாங்கித்
துடைக்கத் தொடங்கினாள்.