தொடர்ச்சி

கோரேகாவ் ஃபிலிம் சிட்டி, ஏழாம் தளம்.
பெரிய வீட்டு மருமகள் நந்தினியின் நகைப்பெட்டிக்கு
நான்தான் பொறுப்பு. சாவி என் இடுப்பில்.
பதினாறு தட்டு, அதில் ஒரு பொட்டுத் தங்கம் கிடையாது.

முத்து மட்டும் நிஜம், கேதகி மேடத்தின் சொந்தச் சரம்.
பவுடர் பூசி, சென்ட் அடித்து,
தலையில் தெளித்த ஸ்பிரே காய்ந்தபிறகுதான் அது கழுத்துக்குப் போகும்.
கழற்றியதும் ஈரத்துணியில் ஒரு துடைப்பு,
அப்புறம் பருத்திப் பையில் படுக்கை.
பிளாஸ்டிக்கில் கட்டினால் மூச்சு முட்டும்.
சிப்பிக்குள் அடைந்து கிடந்தது போதாதா?

வெள்ளிக்கு இதெல்லாம் நேர்மாறு, காற்றுப் பட்டாலே முகம் கறுக்கும்.
ஜிப் கவரில் காற்றைப் பிதுக்கி வெளியே தள்ளி
கூடவே ஒரு சாக்பீஸ் துண்டு.
சாக்பீஸ் சப்ளை என் மகன் இசக்கிமுத்து,
நாலாம் வகுப்பு, முனிசிபல் பள்ளி.
டீச்சருக்கு இன்னும் தெரியாது.

குந்தன் கல்லுக்குப் பின்னால் ஒரு மினுக்குத் தாள் இருக்கிறது.
வெளிச்சமெல்லாம் அதனுடையது,
நனைந்தால் கல் குருடு.
ஒருநாள் அழுகைக் காட்சியில்
கிளிசரின் கன்னம் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியது.
செட் முழுக்கக் கைதட்டியபோது
நான் மட்டும் பஞ்சோடு ஓடினேன்.

ஜூனில் மழை மேலிருந்து மட்டுமா வருகிறது இந்த ஊரில்,
சுவரிலிருந்தும் வருகிறது.
கவரிங்கில் பச்சை பூக்கும்.
தாராவியில் தோல்பை தைக்கும் அந்தோணியிடம் சொல்லிவைத்து
அந்த வெள்ளை மணிப் பொட்டலங்களை
வாரம் ஒரு பை வாங்கிவருவேன்.
தட்டுக்கு நாலு.

இருநூற்றுப் பதினாலாம் எபிசோடில்
நந்தினியின் புருஷன் காரோடு பள்ளத்தாக்கில் விழுந்தான்.
வளையல் உடைக்க மூன்று டஜன், நாலு டேக்.
கண்ணாடித் துண்டுகளையும் நானே பொறுக்கினேன்.
மாமியார் அறுத்த கறுப்புமணித் தாலி
கட் சொன்னதும் என் கைக்கு வந்தது.
"தூக்கிப் போட்டுரலாமா தீதி?" என்றான் புதுப் பையன்.
"உடம்பு கிடைக்கலைன்னு ஒரு வசனம் வந்துச்சே,
கவனிச்சியா?" என்றேன்.
அறுந்த சரட்டைக் கோத்து, சிக்கு விழாமல் அட்டையில் சுற்றி
மேலே சீட்டு எழுதி ஒட்டினேன்:
நந்தினி. தாலி. 214. திரும்ப வரும்.

என்னுடையது சயான் அடகுக்கடையில் இருக்கிறது.
காக்கி உறை, ஒரு நம்பர், மேலே ஸ்டேப்ளர் பின்.
தங்கத்தோடு தங்கம் உரசினால் கீறும்,
தனித்தனியாக வையுங்கள் என்றேன் சேட்டிடம்.
"எடை குறையாது பேச்சியம்மா" என்றார்.
எதற்காக வைத்தேனோ அந்த ஆள் சாகவில்லை.
வாஷியில் நன்றாக இருக்கிறான்.

செட் நகை எதற்கும் ஒரு இரட்டை உண்டு.
ஒன்று தொலைந்தால் ஷூட்டிங் நிற்கக்கூடாதே.
நந்தினி தாலியின் இரட்டை என் கழுத்தில்,
கேட்பவர்கள் வாயை அடைக்க.
பதினொரு வருஷம் அசலைக் கழற்றியதே இல்லை.
கவரிங்குக்குச் சோப்பு ஆகாது என்பதால்
இதைத் தினமும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கிறேன்.
அந்தப் பத்து நிமிஷம்
தண்ணீர் கழுத்தில் நேராக விழுகிறது.

இருநூற்று அறுபத்தொன்றில் புருஷன் வந்துவிட்டான்,
ஞாபகம் இல்லாமல், தாடியோடு.
"பெச்சி! மங்கள்சூத்ர்!" என்று கத்தினார்கள்.
அட்டையைப் பிரித்தேன். மினுமினுப்பு மாறவில்லை,
ஒரு பச்சைப் புள்ளி இல்லை.
டைரக்டர் முகம் சுளித்தார்:
"கதையில் ஐந்து வருஷம் போயிடுச்சு. இது நேத்து வாங்கின மாதிரி இருக்கு."

என் கழுத்தில் கிடந்ததைப் பார்த்தேன்.
வேர்வையில் கறுத்து, ஓரம் தேய்ந்து,
ரயிலில் நெரிபட்டு ஒரு மணி நசுங்கி.
கழற்றிக் கொடுத்தேன்.
"பர்ஃபெக்ட்" என்றார்.

விளக்கு எரிந்தது. அவன் கட்டினான், அவள் அழுதாள்.
நான் பஞ்சோடு நின்றேன், பழக்கதோஷம்.
பளபளப்பான தாலி மறுபடி அட்டைக்குப் போனது.
ராத்திரி ஒன்பது நாற்பது லோக்கலில்
என் கழுத்தை யாருமே பார்க்கவில்லை.
சீட்டில் மட்டும் ஒரு வரியை அடித்தேன்.