ஒத்த வயதினர் பட்டியல்

கஸ்தமோனு நீதிமன்றத்தில் மை உறையும் மாதம்.
கூட்டை அக்குளில் இடுக்கிச் சூடேற்றிக்கொண்டிருந்தேன்,
ஷெஹ்ரிபான் வந்தாள்.
புருஷன் ஹுர்ஷித் யெமனுக்குப் போன சிப்பாய்.
கடைசிக் கடிதம் ஹுதைதா துறைமுகத்திலிருந்து:
இங்கே தண்ணீர் உப்பு, காலுறை அனுப்பு.
அனுப்பினாள்.
காலுறை மட்டும் திரும்பி வந்தது.

அவனுக்கு வயது இருபத்தாறு.
காழி கிதாபைத் திறந்தார்.
காணாமல் போனவன் எப்போது இறந்தவன் ஆகிறான்?
நூற்றிருபது வயதில் என்றது ஒரு பழைய கை.
நூறு என்றது அடுத்தது.
தொண்ணூறு, அதற்கும் அடுத்தது.
பொழுது சாயச் சாய
முலாம்பழத்தின் விலை இறங்குவது போல.
நான் மனசுக்குள் கழித்தேன்:
தொண்ணூறில் இருபத்தாறு போனால் அறுபத்து நாலு.
அவளுக்கு இருபத்திரண்டு.
கூட்டிப் பார்க்கவில்லை.

ஏடு மடியும் ஓரத்தில்
பூச்சி அரித்த பொடி எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்:
மாலிகிகளிடம் நாலு ஆண்டு போதும்,
நெருக்கடியில் அதன்படி தீர்ப்பளித்தால் குற்றமில்லை.
காழி அதை வாசித்தார். விரலால் மூடினார்.
“என் நியமனத்தில் ஹனஃபி என்று இருக்கிறது” என்றார்,
அவளிடம் அல்ல, விரலிடம்.

இன்னொரு வழி இருந்தது, எல்லாவற்றிலும் மூத்தது:
அவன் ஊரில் அவன் வயதுக்காரர் எல்லாரும் மௌத்தானால்
அவனும் மௌத்து.
பட்டியல் எடு என்றார். எடுத்தேன்.
பதினாலு பேர். கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயசு.
காழி கிதாபை மூடினார். அவள் எழுந்து போனாள்.

பிறகு பெரிய போர்.
சரிகாமிஷ் பனியில் ஒரே இரவில் ஐந்து பேர்.
சனாக்கலேயில் நாலு.
பேன்காய்ச்சல் மூவரைத் தின்றது.
ரொட்டிக்காரன் மகன் சுவேஸுக்குப் போனான்,
அவன் தொப்பி வந்தது.
கிதாபில் ஓர் எழுத்தும் மாறவில்லை.
நான் கோடு இழுத்துக்கொண்டே இருந்தேன்.

மிஞ்சியவன் துர்முஷ், செருப்புத் தைப்பவன்.
இடக்கால் சூம்பியது, பட்டாளம் வேண்டாமென்றது.
முன்பிறந்த மூன்றும் தங்காததால்
‘நில்’ என்று கெஞ்சி வைத்த பெயர்.
நின்றுவிட்டான்.
சட்டம் இப்போது ஊருக்கே மனப்பாடம்.
அவன் இருமினால் கடைத்தெருவில் பேச்சு நின்றது.
ஷெஹ்ரிபான் நீரூற்றுக்குச் சுற்றுவழியில் போனாள்.
ஒருநாள் அவளே
இருமலுக்குக் கஷாயம் கொடுத்தனுப்பினாள்.

இஸ்தான்புல்லிலிருந்து ஆணை வந்தது, இரண்டே பக்கம்.
காழி அச்சு மையை முகர்ந்து பார்த்தார்.
நாலு ஆண்டு.
பூச்சி தின்ற அதே வரி,
இப்போது நடுப்பக்கத்தில், முத்திரைக்குக் கீழே.
எழுந்துபோய்ப் பழைய கிதாபைத் திறந்தார்,
ஓரத்தில் தன் விரல் அழுக்கைப் பார்த்தபடி
லுஹர் பாங்கு வரை நின்றார்.

தீர்ப்பை நான் எழுதினேன்.
இத்தா நாலு மாதம் பத்து நாள்.
“அதுவும் காத்திருக்கணுமா?” என்று சிரித்தாள்,
பெருவிரல் வைத்தாள்.
மறுமணம் செய்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள்.
ஹுர்ஷித்தின் வால்நட் மரங்களில்
தன் கால் பங்கைக் கேட்டு வாங்கினாள், அது தெரியும்.

மாலையில் துர்முஷ் வந்தான்.
பட்டியலைக் காட்டச் சொன்னான்.
வாசிக்கத் தெரியாது; தன் பெயர் எதுவென்று கேட்டு
அதன்மேல் மெழுகு படிந்த விரலை வைத்து,
“இனி இருமலாமா, எழுத்தரே?” என்றான்.

மறுநாள் கதவருகே இன்னொருத்தி,
பையன் ஒருவனைக் கையில் பிடித்தபடி.
மூன்று ஆண்டு பதினோரு மாதம் என்றாள்.
காழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
நான் பேனாவைத் தோய்த்து, மெல்லக் கேட்டேன்:
நன்றாக நினைத்துப் பார், தாயே.
அவன் போனபோது பனி பெய்துகொண்டிருந்ததா,
உருகிக்கொண்டிருந்ததா?