பதினோரு மணிக்கு மேல் மெதுவான பாட்டு கூடாது

ரெஜினாளின் கொழுந்தன் கப்பலில் ஆயிலர்.
பனாமாவில் ஏறிய சமையல்காரன் ஒருவன்
அவனுக்குக் கொடுத்த பென் டிரைவ்
மண்டபம் வந்து, நண்டுக் கம்பெனி ஸ்பீக்கரில் ஏறி
இன்றோடு நாற்பது நாள்.

முகத்துக்கு மாஸ்க், தலைக்கு வலை, கைக்கு உறை.
இருபத்தேழு பேர்.
வெந்த நண்டின் ஓட்டை நீக்கி
சதையை நார் பிரியாமல் எடுத்து
முதுகுச் சதை ஒரு தட்டு, கால் சதை ஒரு தட்டு.
கிலோவுக்குக் கூலி.
ஒரு சில்லு ஓடு கலந்தால்
அமெரிக்காவில் எவனுக்கோ பல் போகும்,
இங்கே எங்களுக்கு அரை நாள்.

முதல் நாள் சூப்பர்வைசர் தெரஸ்நாதன்
ஒவ்வொரு பெயராய் வாசித்தார்.
கும்பியா.
கும்மியா? என்றாள் முனியசெல்வி.
கும்பியா.
அதத்தான கேக்குறேன், கும்மியா?
போட்டுப் பார்த்தால் கும்மியேதான்,
வட்டம் கட்டிச் சுற்றுகிற அதே கால்.
உறை போட்ட கையில்
தட்டத்தான் சத்தம் வராது.

பச்சாட்டாவைப் பச்சடி ஆக்கினோம்.
எவன் பாடினாலும் நடுவில் ஒரு கொரசோன் வரும்.
குறை சொன்னான், குறை சொன்னான்
என்றுதான் எங்கள் காதில் விழுந்தது.
யாரைச் சொன்னான்?
எடை போடுகிறவனைச் சொல்லியிருப்பான்.
காசா, காசா என்று ஒருத்தி கெஞ்சினாள்.
அவளுக்கும் சனிக்கிழமை போல.
மார், மார் என்று ஒருவன் நீட்டி முழக்க
ஹமீதாள் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

போனில் கேட்டோம் கொழுந்தனை.
மார்னா கடல், மதினி.
கொரசோன்?
தெரியாது, சமையல்காரன் இறங்கிப் போயிட்டான்.
இருக்கட்டும்.
கடலை மார் என்கிறவன்
கரையில் பிறந்தவனாகத்தான் இருப்பான்.

பொலேரோ என்றால் எங்களுக்கு
நண்டு கொண்டுவரும் வண்டி.
அந்தப் பெயரிலும் பாட்டு இருந்தது.
கிதாரை மடியில் போட்டுக்கொண்டு ஒருவன் அழுதான்.
எதுக்குடி இப்படி அழுகுறான்?
கடன், என்றாள் முனியசெல்வி.
சிரித்தோம். ஜெசிந்தா சிரிக்கவில்லை.
அவள் கத்தி ஒரே நண்டின் மேல்
நாலு நிமிஷம் நின்றது.
யாழ்ப்பாணத்தில் அவள் வீட்டுக்காரனுக்கு
எட்டாம் தேதி வாய்தா.

நாலு நிமிஷத்தையும் தெரஸ்நாதன் எண்ணியிருக்கிறார்.
மறுநாள் நோட்டில் கோடு போட்டிருந்தது,
எந்தப் பாட்டுக்கு எத்தனை கிலோ என்று.
ரெகேத்தோன்: கை பறக்கிறது.
சால்சா: பரவாயில்லை, ஓடு கலக்கிறது.
பொலேரோ: நஷ்டம்.
பதினோரு மணிக்கு மேல் மெதுவான பாட்டு கூடாது
என்று எழுதி ஐஸ் அறைக் கதவில் ஒட்டினார்.
அன்று தொடங்கி
மாவு மில் பெல்ட் மாதிரி ஒரே அடி.
கை ஓடியது, எடை ஏறியது,
கூலி மட்டும் பழைய தாளத்தில்.

தடை வருவதற்கு முந்தி ஒரு பாட்டு கேட்டிருந்தோம்,
பிரேசில்காரி பாடியது.
ஈரத்தலை துவட்டுகிறவள் தனக்குத்தானே பேசுவது போல.
அதில் ஒரு சொல்: ஜனேலா.
இருபத்தேழு தலையும் நிமிர்ந்தது.
இந்தத் தடவை காது ஏமாற்றவில்லை,
கொழுந்தன் ஆள் வைத்து விசாரித்துச் சொன்னான்:
ஜன்னல்தானாம்.
நம்ம ஜன்னல அவ எப்படி எடுத்தா? என்றாள் ஜெசிந்தா.
நாமதான் எடுத்தமோ என்னமோ,
வேதம் வாங்குன கையோட, என்றாள் ரெஜினாள்.

இந்தக் கூடத்தில் அந்தப் பொருள் கிடையாது.
ஈ வரும், தூசி வரும், சான்றிதழ் போகும் என்று
நாலு பக்கமும் வெள்ளை டைல்ஸ்.
வெளியே வாடையா கச்சானா
எங்களுக்குத் தெரியாது.

நேற்றுப் பன்னிரண்டு மணி.
ஸ்பீக்கரில் டும் டக் டும் டக்.
யாரோ அடித்தொண்டையில் பிரேசில்காரியைத் தொடங்கினாள்.
பக்கத்து மேசை பிடித்துக்கொண்டது, அப்புறம் அடுத்தது.
மாஸ்க்குக்குள் எந்த வாய் அசைகிறதென்று
தெரஸ்நாதன் எப்படிக் கண்டுபிடிப்பார்?
கத்திகள் வேகத்தைக் குறைக்காமலே
மெதுவான பாட்டுக்குப் போய்விட்டன.
வரியெல்லாம் வெறும் முனகல்.
அந்தச் சொல் வருகிற இடத்தில் மட்டும்
இருபத்தேழு பேரும் தெளிவாக:

ஜனேலா.

அவர் நோட்டை மூடிவிட்டுத்
திரும்பிப் பார்த்தார்,
சுவரை.