சான்றுப் பொருள் எண் 4

என் வேலை விளக்கு.
பச்சை எரிந்தால் பேசலாம்.
மஞ்சள் என்றால் முப்பது நொடி.
சிவப்பு வந்தால்
வாக்கியம் எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கவேண்டும்.
ஹெலினாவில், மான்டானா சட்டமன்றக் கல்விக் குழு அறையில்
பதினாறு வருடமாக
மனிதர்களைப் பாதியில் நிறுத்திச் சம்பளம் வாங்குகிறேன்.

பிப்ரவரி. அறை முழுக்க ஈரக் கோட்டு வாடை.
மீத்திறன் மாணவர் மசோதாவுக்கு
நான்காவதாகப் பேச வந்தவள்
பெயர் டார்லின் ஹாக்ஸ்டாட், தொழில் கோதுமை.
கனடா எல்லையோரத்திலிருந்து
பனிச்சாலையில் ஏழு மணி நேரம் ஓட்டி வந்திருந்தாள்,
இரண்டு நிமிடம் பேச.

முன்னால் பேசிய மூவரும்
விழுக்காடு சொன்னார்கள், வரைபடம் காட்டினார்கள்.
செனட்டர் ஒருவர் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்
சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்ட பிறகும்.

அவள் பையிலிருந்து ஓர் ஊறுகாய் ஜாடியை எடுத்து
மேசைமேல் வைத்தாள்.
உள்ளே, கழுத்துவரை, பென்சில் சீவல்.

பச்சை.

"என் மகன் ஐவருக்கு ஒன்பது வயது.
கணக்குத் தாளை ஆறு நிமிடத்தில் முடித்துவிடுவான்.
மீதி நேரத்துக்கு அவனுக்குக் கிடைத்த வேலை
வகுப்புக்கெல்லாம் பென்சில் சீவுவது.
டீச்சரைக் குறை சொல்லவில்லை,
ஒரே அறையில் மூன்று வகுப்பு அவருக்கு.
செப்டம்பரிலிருந்து சேர்த்தது இது.
வீட்டுக்குக் கொண்டுவந்து எடை போடுகிறான்,
ஒரு பென்சில் எத்தனை நாளில் இல்லாமல் போகும் என்று
அவனாகவே ஒரு சூத்திரம் வைத்திருக்கிறான்.

முன்பிருந்த ஊரில் அவனைச் சோதித்தார்கள்,
மீத்திறன் என்று முத்திரை வைத்தார்கள்,
செவ்வாய்தோறும் ஒருவர் வந்து சொல்லிக்கொடுத்தார்.
குத்தகைக்கு நிலம் கிடைத்து
முப்பது மைல் தள்ளிக் குடிபோனோம்.
அங்கே அப்படி ஒரு பிரிவே இல்லையாம்.
லாரியில் நாற்காலி வந்தது, நாய் வந்தது,
அவன் மூளை மட்டும்
மாவட்டக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டதா?

என் கோதுமைக்கு மாநிலம் முழுக்க ஒரே சல்லடை, ஐயா.
எந்த ஊர்க் களஞ்சியத்தில் கொட்டினாலும்
முதல் தரம் முதல் தரம்தான்."

மஞ்சள்.

காபிக்காரர் கரண்டியை வைத்தார்.
"அம்மா, கெட்டிக்காரப் பிள்ளைகள்
எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள், இல்லையா?"

"விளையும் பயிர் முளையிலே தெரியும்.
சரி, தெரிந்துவிட்டது. அப்புறம்?
நன்றாக முளைத்திருக்கிறதே என்று
தண்ணீரை நிறுத்தின விவசாயி யாரையாவது
உங்களுக்குத் தெரியுமா?"

என் விரல் பொத்தான்மேல் இருந்தது.
அழுத்தவில்லை.
பதினொரு நொடி.
பதினாறு வருடத்தில் நான் செய்த ஒரே ஊழல்.
அந்தப் பதினொரு நொடியில் அவள் ஒன்றும் பேசவில்லை,
தண்ணீர் குடித்தாள்.

பிற்பகல் திருத்தங்கள் வந்தன.
தட்டச்சு செய்வதும் நான்தான்.
ஒவ்வொரு பள்ளியும் 'அடையாளம் காண வேண்டும்'
என்றிருந்த இடத்தில் 'காணலாம்'.
'மாநிலம் நிதி வழங்கும்' என்பதற்கு முன்னால்
'இருப்பின்'.
வேண்டும் போய் லாம் வந்தது.
இரண்டே எழுத்து.
அதற்குள் ஒரு மாநிலமே
கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம்.
ஒன்பதுக்கு மூன்று என்று நிறைவேறியது.
கைதட்டல்கூட இருந்தது.

அதைக் கேட்க அவள் இல்லை.
இருட்டுமுன் பாதி தூரமாவது போகவேண்டும் என்று
கிளம்பிவிட்டாள், ஜாடியை விட்டுவிட்டு.

ஆவணக் காப்பகம் காகிதம் மட்டும்தான் எடுக்கும்.
ஜாடி என் மேசையில் நிற்கிறது.
பதிவேட்டைத் திறந்து எழுதினேன்:
சான்றுப் பொருள் எண் 4. கண்ணாடி ஜாடி. ஒன்று.
உள்ளடக்கம் என்ற கட்டத்தில்
பென்சில் சீவல் என்று எழுதி,
அதை அடித்துவிட்டு,
செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை,
தினமும் பத்தேகாலிலிருந்து பதினொன்று
என்று எழுதினேன்.